சிறுவாச்சூரிலிருந்து தமிழ்நாடு

தமிழ்நாட்டின் சின்னங்கள் யாவை என்று கேட்டால், பள்ளி மாணவர் எவரும் தயங்காமல் விடை கூறுவர். விலங்கு வரையாடு; பறவை மரகதப்புறா; மரம் பனை; மலர் செங்காந்தள்; பழம் பலா; இலச்சினை கோபுரம். 2019ஆம் ஆண்டில் தமிழ் மறவன் என்னும் பட்டாம்பூச்சியும் இவ்வரிசையில் சேர்ந்தது. அவ்வாறே தொழில்களைக் கேட்டால், திருப்பூருக்குப் பின்னலாடை, ஆம்பூருக்குத் தோல், சிவகாசிக்குத் தீப்பெட்டி, சென்னைக்கு மோட்டார் வண்டி என்று ஊரும் பொருளுமாக ஒப்புவிப்பர். இப்பட்டியல்களில் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் அவற்றைக் காணுந்தோறும் எனக்கு ஒரு குறை தோன்றுவதுண்டு. சின்னங்கள் ஒரு பக்கத்திலும், தொழில்கள் மற்றொரு பக்கத்திலும், காணத்தக்க இடங்கள் வேறொரு பக்கத்திலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. நிலத்தில் அவை அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. ஒரே மண்ணில், சில வேளைகளில் ஒரே கல்லில், மூன்றும் கலந்து கிடக்கின்றன. அதனை ஓர் ஊரில் நின்று காட்ட விரும்புகிறேன். அவ்வூர் சிறுவாச்சூர்.

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், பெரம்பலூரைத் தாண்டிச் சிறிது தொலைவில் இருக்கின்றது சிறுவாச்சூர். மதுர காளியம்மன் கோயிலால் பெயர் பெற்ற ஊர் அது. மதுரையை எரித்த கண்ணகி சினம் தணிந்து வந்து அமர்ந்த இடம் இது என்பது அவ்வூர் மரபு. கோயில் நடை வாரத்தில் திங்களும் வெள்ளியும் திறப்பதே தொன்றுதொட்ட வழக்கம். ஏனைய நாள்களில் அம்மன் அருகிலுள்ள பெரியசாமி மலையில் உறைகிறாள் என்பர். இதனால் அவ்வூரின் பொருளியலுக்கே ஒரு தாளம் அமைந்துவிட்டது. அவ்விரு நாள்களில் தேங்காயும் பூவும் எலுமிச்சையும் விற்கும் கடைகள் நிரம்பி வழியும். மற்ற நாள்களில் சாலையில் ஓடும் லாரிகளின் ஓசையே மிகும். அந்த லாரிகளைச் சிறிது நேரம் நின்று பார்த்தால் போதும், இந்த நிலத்தின் கணக்கு ஓரளவு விளங்கிவிடும். சிமெண்டு போகின்றது, மக்காச்சோளம் போகின்றது, சின்ன வெங்காயம் போகின்றது, பருத்தி போகின்றது.

மாநிலத்தின் வரலாற்றை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. மொழிவழி மாநிலங்கள் 1956 நவம்பர் முதல் நாளில் அமைந்தன. அப்பொழுது நம் மாநிலத்தின் பெயர் சென்னை மாநிலம் என்பதே. தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார், அதற்குச் சில நாள்கள் முன்னரே, அக்டோபர் 13ஆம் நாள் உயிர் நீத்தார். பெயர் மாற்றத் தீர்மானம் 1967 சூலை 18இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1969 சனவரி 14இல் பெயர் நடைமுறைக்கு வந்தது. நாம் நிற்கும் பகுதி நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு இருந்தது. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆயிற்று. அரியலூரோ 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைந்து, 2007இல் திரும்பவும் தனி மாவட்டம் ஆயிற்று.

மாநிலக் கணக்கில் இவ்விரு மாவட்டங்களின் இடம் யாது? இந்திய மாநிலங்களுள் பொருளாக்கத்தில் மகாராட்டிரத்திற்கு அடுத்து நிற்பது தமிழ்நாடு என்று 2023-24ஆம் ஆண்டுக் கணக்குகள் காட்டின. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களுள் நூற்றுக்கு 48 பேர் நகரங்களில் வாழ்ந்தனர். அதே கணக்கெடுப்பில் அரியலூர் மாவட்டத்தில் நகரவாசிகள் நூற்றுக்கு 11 பேரே. பெரம்பலூரில் 17 பேர். அன்றிருந்த 32 மாவட்டங்களுள் மக்கள்தொகையில் மிகச் சிறியது பெரம்பலூர். அதன் தொகை 5,65,223. ஆகவே, நகரமும் தொழிற்சாலையும் மிகுந்த மாநிலம் என்று நாம் பெருமை பேசுகின்ற தமிழ்நாட்டிலேயே, உழவையும் ஊரையும் நம்பி நிற்கும் ஒரு மூலை இது. அந்நகரங்கள் எவற்றால் கட்டப்பட்டன, எவற்றை உண்டு வாழ்கின்றன என்று கேட்டால் மட்டும், விடை இந்த மூலைக்கு வந்து சேரும்.

இதன் காரணம் மண்ணுக்குள் இருக்கின்றது. இன்றைக்கு ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இந்நிலத்தின் கிழக்குப் பகுதி கடலாக இருந்தது. நிலநூலார் கிரிட்டேசியக் காலம் என்று கூறும் அக்காலத்தில், கடல் பலமுறை உள்வாங்கியும் முன்னேறியும் வந்து, சேற்றையும் மணலையும் சிப்பி, சங்கு முதலியவற்றின் ஓடுகளையும் அடுக்கடுக்காகப் படியவிட்டுச் சென்றது. அவ்வடுக்குகளை 1850களின் இறுதியில் பிளான்போர்டு என்னும் நிலநூல் அறிஞர் நடந்து அளந்தார். அவற்றில் கிடைத்த உயிர்ச்சுவடுகளை ஸ்டோலிக்சுகா என்னும் அறிஞர் பல ஆண்டுகள் உழைத்து விரிவாக எழுதினார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்களின் பெயர்களே அவ்வடுக்குகளுக்குப் பெயராயின. உலகின் நிலநூல் அறிஞர்கள் அப்பெயர்களை இன்றும் வழங்குகின்றனர். ஓர் ஊரின் பெயர் உலகப் புத்தகத்தில் ஏறுவதற்குப் போரோ அரசரோ வேண்டும் என்று எண்ணுகிறோம். ஊட்டத்தூருக்கு அந்தப் புகழைத் தந்தவை நத்தையும் சிப்பியும்.

காரை என்னும் சிற்றூரின் அருகே உள்ள செம்மண் மேடுகளில் மழை அரித்த ஓடைகள் விரல்களைப் போலப் பிரிந்து கிடக்கும். அங்கே ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட்டு ஓடுகளும், துப்பாக்கிக் குண்டு போன்ற பெலம்னைட்டுகளும் கிடைத்து வந்தன. கருடமங்கலத்தில் சிப்பிகளே இறுகிக் கல்லாகி, மெருகிட்டால் பளிங்கு போல் மின்னும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கின்றது. கடலோரத்தில் வளர்ந்து, வெள்ளத்தில் விழுந்து, சேற்றில் புதைந்து, இழை இழையாகக் கல்லான அம்மரத்தை 1940இல் உலகுக்கு அறிவித்தவர் எம். எஸ். கிருஷ்ணன். தஞ்சையில் பிறந்த தமிழர் அவர். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தலைவராக அமர்ந்த முதல் இந்தியரும் அவரே. மரம் இன்று தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக வேலியிட்டுக் காக்கப்படுகின்றது.

எல்லாவற்றுக்கும் இந்த நற்பேறு வாய்க்கவில்லை. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் மிகப் பெரிய எலும்புகள் கிடைத்தன. 1987இல் அவ்விலங்குக்குப் புருகத்காயோசாரஸ் என்று பெயர் சூட்டப்பெற்றது. பேருடல் கொண்ட பல்லி என்பது அதன் பொருள். உலகில் நடந்த டைனோசார்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது இருக்கலாம் என்று சிலர் கருதுகின்றனர். அவை எலும்புகளே அல்ல, கல்லான மரம் என்று ஐயுற்றவர்களும் உண்டு. எவர் சொல்வது சரி என்று எடுத்துப் பார்த்துத் தீர்க்க இனி வழியில்லை. அவ்வெலும்புகள் பொடிந்து அழிந்துவிட்டன. எஞ்சியவை படங்களும் குறிப்புகளுமே.

இதே கடல்தான் சிமெண்டையும் தந்தது. சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் அரைத்து, ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் சூளையிலிட்டு, வரும் கட்டிகளோடு சிறிது ஜிப்சம் சேர்த்துப் பொடித்தால் அதுவே சிமெண்டு. ஒரு டன் சிமெண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் சுண்ணாம்புக் கல் வேண்டும். வியப்பு யாதெனில், சுண்ணாம்புக் கல்லும் ஜிப்சமும் இரண்டுமே இந்தப் பழங்கடலின் படிவுகளில் கிடைக்கின்றன. கல்லக்குடியில் டால்மியா ஆலை 1939இல் எழுந்தது. ஆலையின் பெயரே ஊரின் பெயராக வழங்கியதை எதிர்த்து 1953 சூலையில் திராவிட முன்னேற்றக் கழகத்தார் நடத்திய போராட்டம் தமிழக அரசியல் வரலாற்றில் இடம் பெற்றது. இன்று அவ்விடத்து இரயில் நிலையம் கல்லக்குடி பழங்காநத்தம் என்னும் பெயர் தாங்கி நிற்கின்றது. ஆலை வந்தால் வேலை வரும் என்பதை ஊரார் அறிவர். ஆயினும் பெயரை விட்டுக்கொடுக்க அவர்கள் ஒருப்படவில்லை. மாநிலத்தின் பெயருக்கும் ஊரின் பெயருக்கும் நடந்த போராட்டங்கள் ஒரே காலத்தவை என்பதை மாணவர்கள் கருத வேண்டும்.

அதன்பின் அரியலூரைச் சுற்றி ஆலைகள் பெருகின. தமிழ்நாடு அரசின் சிமெண்டு ஆலை 1979இல் அரியலூரில் இயங்கத் தொடங்கியது. கோவிந்தபுரம், ரெட்டிபாளையம், தளவாய், கீழப்பழுவூர் எனத் தனியார் ஆலைகளும் வரிசையாக வந்தன. சென்னையின் மாடிகளிலும் கோவையின் பாலங்களிலும் அரியலூரின் கடல் இருக்கின்றது எனலாம். ஆனால் இங்கு ஒரு சிக்கல் உண்டு. நிலநூலார் படிக்க வேண்டிய ஏடும் ஆலை அரைக்க வேண்டிய கல்லும் வேறு வேறு அல்ல. சுரங்கம் வெட்டியதனாலேயே பல அடுக்குகள் வெளிச்சத்துக்கு வந்தன என்பதை மறைக்க முடியாது. வெட்டிய கல்லோடு எத்தனையோ சுவடுகள் சூளைக்குள் போயின என்பதும் உண்மை. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் ஒன்று அமைந்திருப்பது நற்செயல். இன்னும் முப்பது ஆண்டு முன்னரே அது அமைந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

நிலத்தடிச் செல்வத்தின் மற்றொரு கதை செயங்கொண்டத்தில் நிகழ்ந்தது. நெய்வேலியில் 1956இல் தொடங்கிய நிறுவனத்தின் பழுப்பு நிலக்கரி தென்னாட்டுக்கு மின்விளக்கேற்றியது. அதே நிலக்கரி செயங்கொண்டத்தின் அடியிலும் உண்டு. அதனை எடுத்து மின்சாரம் ஆக்குவதற்காக 1990களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் உழவரிடமிருந்து கையகப்படுத்தப்பட்டது. திட்டம் நிறைவேறவில்லை. உழவர்கள் இழப்பீட்டுக்காகப் பல்லாண்டுகள் வழக்காடினர். இறுதியில் நிலத்தை அவர்களிடமே திருப்பித் தர அரசு முடிவு செய்தது. தரையின் மேலே முந்திரி காய்த்துக்கொண்டிருந்தது.

இனி, மேல்மண்ணுக்கு வருவோம். பெரம்பலூர்ப் பக்கம் பெரும்பாலும் கரிசல் மண். காவிரிப் பாசனம் எட்டாத மேட்டு நிலம். வடகிழக்குப் பருவமழையும் கிணறுகளுமே துணை. அதனால் நெல்லை விடப் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமுமே இங்கு ஆட்சி செய்கின்றன. இம்மூன்றிலும் மாநிலத்தின் முன்னணி மாவட்டங்களுள் ஒன்று பெரம்பலூர். வெங்காயத்தை உடனே விற்காமல், காற்றோட்டமான பட்டறைகளில் அடுக்கி வைத்து, விலை வரும்போது எடுப்பர். மக்காச்சோளத்தின் பெரும்பகுதி நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத் தீனியாகின்றது. ஆகவே, பள்ளியில் சத்துணவோடு வரும் முட்டையிலும் சிறுவாச்சூர்ச் சாலையில் சென்ற சோளத்தின் பங்கு இருக்கக்கூடும். 2018இல் அமெரிக்கப் படைப்புழு வந்து இங்குள்ள மக்காச்சோளக் காடுகளைத் தின்று தீர்த்தது. மழை தவறினால் ஒரு போகம் போகும். புழு வந்தாலும் ஒரு போகம் போகும். இந்த நிச்சயமின்மையே ஊர் இளைஞர்களைத் தொழிற்சாலைப் பக்கம் நோக்க வைத்தது. நாரணமங்கலத்தில் டயர் ஆலையும், எறையூரில் சர்க்கரை ஆலையும், 2022இல் அடிக்கல் நாட்டப்பெற்ற காலணித் தொழிற்பூங்காவும் அவ்வழியில் வந்தவை. காலணி ஆலைகளில் பெரிதும் பணியாற்றுவோர் சுற்றுவட்டாரப் பெண்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

வறண்ட நிலம் என்று சொன்னேன். ஆனால் இங்குள்ள ஓடைகளை எளிதாக எண்ணலாகாது. பச்சைமலையில் தோன்றிக் கொள்ளிடத்தில் கலக்கும் மருதையாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடப்பது. 1956 நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில், பெருமழையில் அவ்வாறு பெருக்கெடுத்துப் பாலத்தைச் சிதைத்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடி செல்லும் விரைவு வண்டி ஆற்றில் கவிழ்ந்தது. 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மொழிவழி மாநிலம் பிறந்து மூன்று வாரமே ஆகியிருந்தது. இரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதே ஆண்டில் மகபூப்நகர் விபத்தின்போது அவர் விலக முன்வந்ததை ஏற்காத பிரதமர் நேரு, இம்முறை ஏற்றுக்கொண்டார். பொறுப்பு என்னும் சொல்லுக்கு எடுத்துக்காட்டாக இந்திய நாடு முழுவதும் இன்றும் கூறப்படுவது இந்த அரியலூர் நிகழ்ச்சியே.

காணத்தக்க இடங்கள் பல. சிறுவாச்சூரிலிருந்து அதே சாலையில் வடக்கே சென்றால் ரஞ்சன்குடிக் கோட்டை. அதனையடுத்த வாலிகண்டபுரத்தில் 1751இல் ஆங்கிலேயரும் முகமது அலியும் ஒருபுறமும், பிரெஞ்சுக்காரரும் சந்தா சாகிபும் மறுபுறமுமாக மோதினர். கிழக்கே பழுவூர், கல்கியின் புதினத்தைப் படித்தவர்கள் பழுவேட்டரையரைக் கதைமாந்தராகவே அறிவர், அவர்கள் கல்வெட்டில் வாழும் உண்மை மாந்தர் என்பதை அங்குள்ள கோயில்கள் காட்டும். கரைவெட்டி ஏரி 2024இல் உலகச் சிறப்புடைய ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் அங்கே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சி. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டுத் தங்கித் தமிழ்ப்பணி செய்தார். எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் கண்ணுக்கே வேறுபட்டுத் தெரியும்படி நாம் இன்று எழுதுவது அவர் செய்த திருத்தத்தால்.

சின்னங்களின் பட்டியலுக்கு மீள்வோம். வரையாடு மேற்குத் தொடர்ச்சி மலைக்குரியது; அதனை இங்கே தேட வேண்டாம். செங்காந்தள் இங்கு உண்டு. சங்கப் புலவர் மகளிர் விரலுக்கு உவமை கூறிய அம்மலரை உழவர்கள் கண்வலிக் கிழங்கு என்றே அழைப்பர். அதன் விதையில் கால்சிசின் என்னும் மருந்துப் பொருள் உள்ளது. கீல்வாதத்துக்கு மருந்தாகும் அது அளவு மிஞ்சினால் கொடிய நஞ்சு. அரியலூர் உள்ளிட்ட சில மாவட்டங்களில் பந்தலிட்டு இதனைப் பயிரிடுகின்றனர். காலை நேரத்தில் பூப்பூவாகச் சென்று கையாலேயே மகரந்தம் சேர்க்க வேண்டும். விதை பெரிதும் அயல்நாட்டுக்கே செல்வதால் விலை ஏறுவதும் இறங்குவதும் உழவர் கையில் இல்லை. பனையின் கதையும் இத்தகையதே. மாநில மரம் என்று அதனைப் போற்றிக்கொண்டே செங்கற் சூளைகளுக்கு வெட்டித் தள்ளினோம். மாவட்ட ஆட்சியரின் இசைவின்றிப் பனையை வெட்டலாகாது என்று 2021இல்தான் அரசு அறிவித்தது.

எஞ்சியது கோபுரம். இலச்சினையில் உள்ளது திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பது பெருவழக்கு. வரைந்த ஓவியர் கிருஷ்ணாராவ் மதுரை மேலைக் கோபுரத்தையே வரைந்தார் என்பாரும் உண்டு. அந்த வழக்கில் நான் புகவில்லை. இம்மண்ணில் இல்லாமற் போன கோபுரம் ஒன்றைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன்.

கங்கை வரை படை செலுத்திய இராசேந்திர சோழன், அவ்வெற்றியின் நினைவாகக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக எழுப்பினான். தஞ்சை மறைந்து, ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர் ஆட்சி இங்கிருந்தே நடந்தது. மாளிகைமேட்டில் அகழ்ந்தபோது அரண்மனையின் செங்கற் சுவர்களும் சீன நாட்டுப் பீங்கான் துண்டுகளும் வெளிப்பட்டன. கோயிலை 2004இல் யுனெசுகோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அவன் வெட்டிய பேரேரிக்குச் சோழகங்கம் என்று பெயர். திருவாலங்காட்டுச் செப்பேடு அதனை நீரால் ஆகிய வெற்றித் தூண் என்கின்றது. கல்லில் தூண் நாட்டுவதே அரசர் வழக்கம். இவனோ தண்ணீரில் நாட்டினான்.

விமானம் இன்றும் ஏறத்தாழ 55 மீட்டர் உயர்ந்து நிற்கின்றது. ஆனால் கிழக்கு வாயிற் கோபுரம் இல்லை. மதிலின் பெரும்பகுதியும் இல்லை. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது அக்கற்களைப் பெயர்த்துக் கொண்டு சென்றனர். ஊர் மக்கள் தடுக்க முயன்றனர் என்றும், கல் மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகக் கொடுத்த வாக்குக் காக்கப்படவில்லை என்றும் அந்நூற்றாண்டின் ஆங்கிலக் குறிப்பு ஒன்று கூறுகின்றது. இதனைப் படிக்கும்போது எவர்க்கும் சினம் எழும். எனினும், அந்த அணையால் கடைமடையில் எத்தனையோ ஆயிரம் வயல்கள் விளைந்தன என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். அணைக்கரையில் தேங்கும் நீர் வடவாற்றின் வழியே, முதற் பராந்தகன் காலத்து வீரநாராயணன் ஏரியாகிய வீராணத்தில் சேருகின்றது. வீராணத்திலிருந்து 2004ஆம் ஆண்டு முதல் 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட குழாயின் வழியே சென்னைக்குக் குடிநீர் போகின்றது. தலைநகரத்து வீடுகளில் குழாயைத் திறந்தால் வரும் நீரில் ஒரு பங்கு, இராசேந்திரன் கோயிற் கற்களைப் பெயர்த்துக் கட்டிய அந்த அணைக்கரையில் திரும்பி வந்த நீர்.